சுக்கிரனுக்காகப் புதுச்சேரி வந்தவர்

சனி கிரகத்தைச் சுற்றி வரும் உபகிரகங்களுள் என்சலடஸ் என்று ஒன்று உண்டு. அதன் குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரத்தைவிடச் சற்றே அதிகம். மேலெல்லாம் பனிக்கட்டி. 2008-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ம் தேதி காஸினி என்னும் விண்கலம் அதன் மேற்பரப்பிலிருந்து வெறும் 50 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து சென்றது. நொடிக்கு 17 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம்! அவ்வளவு வேகத்தில் காமிராவைத் திருப்பித் திருப்பிக் குறி பார்ப்பது நடவாத காரியம். ஆகவே கலத்தை முன்கூட்டியே சுழலவிட்டு, வேண்டிய இடம் எதிர்ப்படும் அந்த ஒரு கணத்தில் படம் விழும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். படங்களும் விழுந்தன. தென் துருவத்தருகே நீண்டு கிடக்கும் பெரிய வெடிப்புகள் அவற்றில் தெளிவாகப் பதிந்தன. நீராவியும் பனித்துகளும் பீறிட்டு விண்ணில் பாய்வது அந்த வெடிப்புகளிலிருந்துதான்.

1997-ல் பூமியை விட்ட கலம் சனியை அடைந்தது 2004-ல். ஏழாண்டுப் பிரயாணம், கண்ணிமைக்கும் நேரக் காட்சி! அந்தக் கணம் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காஸினிக்கு அதனால் பெரிய மோசமில்லை. இருபது தடவைக்கு மேல் அது என்சலடஸை நெருங்கிப் பார்த்தது. ஆனால் தவறினால் மறுமுறை கிடைக்காத ஒரு காட்சிக்காக வருஷக்கணக்கில் கடலில் அலைந்து, கடைசியில் நம் புதுச்சேரியில் வந்து காத்திருந்தார் ஒரு மனிதர். கீயோம் லெ ஜாந்தி என்பது அவர் பெயர். அந்த விண்கலத்துக்குப் பெயர் தந்த காஸினி குடும்பத்திடம் பாடம் கேட்டவர் அவர்.

லெ ஜாந்தி 1725-ம் ஆண்டு செப்டம்பர் 12-ம் தேதி பிரான்ஸில் நார்மண்டி மாகாணத்துக் கூத்தான்ஸ் நகரில் பிறந்தார். பாதிரியாராகும் எண்ணத்துடன் பாரிஸுக்குப் படிக்க வந்தவர், டெலில் என்ற பேராசிரியரின் வானநூல் சொற்பொழிவுகளைக் கேட்கப் போய், அங்கேயே மனத்தைப் பறிகொடுத்தார். சனியின் நான்கு உபகிரகங்களைக் கண்டுபிடித்த பெரிய காஸினியின் குமாரர் ழாக் காஸினி அப்போது பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்தில் இருந்தார். அவர் இந்த இளைஞரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். 1749-ல், இருபத்து நாலாம் வயதில், ஆண்ட்ரோமீடா மண்டலத்துக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியும் துணை மண்டலத்தை லெ ஜாந்தி கண்டுபிடித்தார். 1753-ல் விஞ்ஞானக் கழகத்தில் ஆசனமும் கிடைத்தது.

சூரியனுக்கும் பூமிக்கும் எவ்வளவு தூரம் என்பது அக்காலத்து வானநூலாரைத் தூங்கவிடாத கேள்வி. அதற்கு வழி சொன்னவர் ஹாலி. சுக்கிரன் சில சமயம் சூரிய பிம்பத்தின் மேல் ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து கடக்கும். உலகத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து அந்த நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால், அந்த வேற்றுமையைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். சங்கடம் என்னவென்றால், இது எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை நிகழும்; பிறகு நூறு வருஷத்துக்கு மேல் நிகழாது. அந்த நூற்றாண்டில் 1761-ம் 1769-ம் அந்த ஜோடி. அதை விட்டால் 1874!

புதுச்சேரியிலிருந்து பார்ப்பதென்று முடிவு செய்து 1760-ம் ஆண்டு மார்ச் 26-ம் தேதி லெ ஜாந்தி கப்பலேறினார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் யுத்தம். இன்று மொரீஷியஸ் எனப்படும் தீவில் மாதக்கணக்கில் காத்திருந்து, 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் பிடித்தார். பாழும் காற்று கப்பலை அலைக்கழித்தது. ஒருவாறு மலையாளக் கரையை நெருங்கியபோது இடிபோன்ற செய்தி: மாஹேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாகிவிட்டன. கப்பல் திரும்பிற்று. ஜூன் 6-ம் தேதி வானம் பளிச்சென்று இருந்தது. சுக்கிரன் சூரியனைக் கடந்தது. நடுக்கடலில், ஆடும் தளத்தில் நின்றபடி அவர் அதைப் பார்த்தார். பார்த்து என்ன பயன்? ஊசல் கடிகாரம் ஆட்டத்தில் ஓடாது. கப்பல் நின்ற இடத்தின் தீர்க்கரேகையும் நிச்சயமில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இவரோ அடுத்த எட்டாண்டும் இந்தப் பக்கத்திலேயே இருந்துவிடுவதென்று தீர்மானித்தார்! மடகாஸ்கர் கரைகளைப் படம் வரைந்தார். 1766-ல் மணிலா போய், அங்கேயே அடுத்த காட்சியைப் பார்க்க நினைத்தார். ஸ்பானிய கவர்னர் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். அதற்குள் சமாதான உடன்படிக்கையால் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் வந்திருந்தது. 1768 மார்ச் 27-ம் தேதி இங்கே வந்து இறங்கினார்.

கவர்னர் ழான் லா அவரை அன்போடு வரவேற்று, ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டையின் சிதைவுகள் மேலேயே ஒரு வானாராய்ச்சிக் கூடம் கட்டிக் கொடுத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களும், பழைய பகையை மறந்து, ஒரு தொலைநோக்கியை அனுப்பி உதவினார்கள். காட்சிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. லெ ஜாந்தி சும்மா இருக்கவில்லை. நம்மவர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்கத் தொடங்கினார். பேனாவும் காகிதமும் இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே தமிழர்கள் கணக்கிடும் வேகம் அவரைத் திகைக்க வைத்தது. 1765 ஆகஸ்டு 30-ம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தை ஒரு தமிழர் அவருக்காகக் கணித்துக் காட்டினார். கிரகண கால அளவில் அவர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மேயரின் அட்டவணையோ 68 விநாடி அதிகம் காட்டிற்று. இதை மறைக்காமல் எழுதி வைத்தாரே, அந்த நேர்மைக்காகவே அவரை நாம் நினைக்கவேண்டும்.

நோணாங்குப்பத்துக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், ஜனங்கள் பெரிய பெரிய பழங்காலச் செங்கற்களைத் தோண்டி எடுப்பதையும் அவர் பார்த்து எழுதினார். ரோமாபுரியோடு வாணிபம் செய்த அரிக்கமேடு அதுதான் என்பது உலகுக்குத் தெரிய 1945-ல் வீலர் வந்து அகழவேண்டியிருந்தது. இன்று நோணாங்குப்பம் பாலத்தில் சுண்ணாம்பாற்றையும் படகுகளையும் வேடிக்கை பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரெஞ்சுக்காரரைத் தெரியும்?

1769 மே மாதம் முழுவதும் காலை வேளைகளில் ஆகாயம் நிர்மலமாக இருந்தது. ஜூன் 3-ம் தேதியும் அப்படியே. மறுநாள் விடியும்போது சுக்கிரன் சூரியன்மேல் இருக்கவேண்டும். இருட்டோடு எழுந்து பார்த்தார். அந்தோ! மேகம் கவிந்திருந்தது. காற்று எழுந்து கடலைக் கலக்கிற்று. கிழக்கே சூரியன் உதித்தும் உதிக்காத மாதிரி. சுக்கிரன் கடந்து முடிந்த பிறகுதான் மேகம் விலகிற்று. அதன்பின் பொழுதெல்லாம் நல்ல வெயில்! அவர் விட்டுவந்த மணிலாவிலோ அன்று காலை வானம் தெளிவாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் அவருக்குப் பேனாவைக் கையிலெடுக்கத் தெம்பில்லை.

வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலுமாகக் கிடந்து, 1770 மார்ச்சில் புதுச்சேரியை விட்டார். நன்னம்பிக்கை முனையருகே புயல் கப்பலைத் துரத்திற்று. இறுதியில் ஒரு ஸ்பானியக் கப்பலில் ஏறி ஸ்பெயின் சென்று, பிரனீஸ் மலையைக் கடந்து 1771 அக்டோபர் 8-ம் தேதி பிரான்ஸ் மண்ணை மிதித்தார். புறப்பட்டு 11 ஆண்டு 6 மாதத்துக்கு மேலாகியிருந்தது.

அங்கே காத்திருந்தது இன்னொரு வேடிக்கை. அவர் இறந்துவிட்டதாகவே ஊரில் பேச்சு! வாரிசுகள் சொத்தைப் பங்கு போட முனைந்துவிட்டார்கள். கழகத்தில் அவர் ஆசனத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார். உயிரோடிருப்பதை நிரூபிக்க ஒரு மனிதர் கோர்ட்டுப் படியேறுவதென்றால் பாருங்கள். ஆசனம் பின்னர் திரும்பக் கிடைத்தது. கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பெண் குழந்தை பிறந்தது. தம் பிரயாணத்தை 1779-லும் 1781-லும் இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார். தமிழர் கணிதம், காற்றுகள், கரையோரங்கள் எல்லாம் அவற்றில் உண்டு. சூரியனின் தூரம் மட்டும் மற்றவர்கள் எடுத்த கணக்கிலிருந்து வந்தது. அது சுமார் 15 கோடி கிலோமீட்டர்.

1789-ல் ஹெர்ஷல் என்சலடஸைக் கண்டுபிடித்தார். மூன்றாண்டு கழித்து, 1792 அக்டோபர் 22-ம் தேதி, லெ ஜாந்தி காலமானார். அவர் வாழ்க்கையைப் பின்னால் எழுதியவரும் ஒரு காஸினியே; அந்தக் குடும்பத்தின் நான்காம் தலைமுறை. சந்திரனின் தென் விளிம்பிலுள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு லெ ஜாந்தியின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பூமியிலிருந்து பார்த்தால் அது ஓரமாக, சாய்ந்து, சரியாகத் தெரியாது. அதன் முழு வடிவத்தைக் காட்டியவை விண்கலங்கள் எடுத்த படங்களே.