ஜே.ஏ. ரஸ்ஸல்: கேமரன் மலையின் சுவையைக் கோப்பையில் ஊற்றியவர் யார்?

பிரான்ஸில் கோன்யாக் என்ற ஊரைச் சுற்றி விளையும் திராட்சையில் செய்தால்தான் ஒரு பிராந்திக்கு 'கோன்யாக்' என்று பெயர் வைக்க முடியும். ஊர்தான் அங்கே பிராண்ட். மலேசியாவில் அப்படி ஓர் ஊரோடு ஒட்டிக்கொண்ட பானம் எதுன்னு கேட்டா, பலரும் கேமரன் மலைத் தேயிலையைத்தான் சொல்வார்கள். அங்கே 'போ' தேயிலை நிறுவனத்தை 1929இல் தொடங்கியவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல்.

ஈயம், நிலக்கரி, பிறகு தேயிலை

ரஸ்ஸல் பிறந்தது 1883இல். அப்பா சிலாங்கூரில் அரசு அச்சகத்தைக் கவனித்தவர். அதனால் மகன் வளர்ந்தது கோலாலம்பூரில். அப்போது அது ஈயச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த சின்ன ஊர். மலாயும் சீனமும் அவருக்குச் சரளமாக வந்தன. சுரங்க முதலாளிகளிடம் பேரம் பேச அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஈயம், ரப்பர், நிலம் என்று பல தொழில்களில் கை வைத்தார். பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தை நடத்திய மலாயன் காலியரீஸ் நிறுவனத்தின் பின்னாலும் இருந்தவர் அவர்தான்.

தேயிலைக்கு அவர் வந்த நேரம்தான் ஆச்சரியம். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எல்லாரும் கடையைச் சாத்திக்கொண்டிருந்தபோது, இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து ரஸ்ஸல் மலைக் காட்டில் பணத்தைப் போட்டார். டயர் விற்காமல் போகலாம், ஆனால் பஞ்ச காலத்திலும் ஜனங்க டீ குடிப்பதை விடமாட்டாங்க இல்லையா?

சீனாவின் வூயி மலைத் தேயிலையை ஆங்கிலேயர்கள் 'போஹி' என்று அழைத்தார்கள். 'போ' என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது 'போ, வா' என்பதில் வரும் 'போ'தான்!

காட்டை அழித்தது யார்?

செங்குத்தான சரிவு, அடர்ந்த காடு. ஒரே ஒரு நீராவி ரோடு ரோலரும் சில கோவேறு கழுதைகளும்தான் துணை என்று தோட்டத்தின் ஆரம்பக் கதையைச் சொல்வார்கள். ரோலரும் கழுதையும் இடம்பிடித்த அந்தக் கதையில், மரம் வெட்டி, கன்று நட்டு, குளிரில் கூடை சுமந்த தமிழர்களின் பெயர்கள் இல்லை. இந்தக் குறையைச் சொல்லாமல் ரஸ்ஸலின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. நல்ல தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் வேண்டும். முற்றிய இலையை விட்டுவிட்டு கொழுந்தை மட்டும் கிள்ளுகிற விரல்தான் சுவைக்கு முதல் பொறுப்பு.

அந்த ருசி எங்கிருந்து வருகிறது?

கேமரன் மலையின் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. குளிரில் கொழுந்து மெதுவாக வளரும், அதனால் மணம் கூடும்.

கோன்யாக் இரண்டு முறை காய்ச்சி வடிக்கப்படுகிறது. அப்போது அதற்கு நிறமே இருக்காது. குறைந்தது 2 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் கிடந்துதான் பொன்னிறம் வரும். தேயிலைக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை, சில மணி நேரம் போதும். பறித்த இலையை வாட்டி, உருட்டி நசுக்குவார்கள். சாறு காற்றில் பட்டதும் பச்சை இலை செம்பு நிறமாக மாறும். சீக்கிரம் நிறுத்தினால் பச்சை வாடை அடிக்கும். தாமதித்தால் சப்பென்று ஆகிவிடும். சரியான நேரத்தில் சூட்டில் உலர்த்தி, அந்த மாற்றத்தை நிறுத்த வேண்டும். கடைசியில் பல தொகுதிகளைக் கலந்து ஒரே ருசியைக் கொண்டுவருவது, பிராந்தியோ தேயிலையோ, ருசி பார்ப்பவரின் நாக்கு.

கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் நமக்குப் பிடித்ததுதான். ஆனால் மலைத் தேயிலையின் மணம் தெரியணும்னா, பால் சேர்க்காமல், மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, முதலில் மோந்து பாருங்க.

ரஸ்ஸலுக்குப் பிறகு

தேயிலைக் கன்று நட்டுப் பறிப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். தன் தோட்டம் செழித்ததை ரஸ்ஸல் அதிக காலம் பார்க்கவில்லை. 1933இல் சிங்கப்பூரில் இறந்தார். மனைவி கேத்லீன் பொறுப்பேற்றார். ஜப்பானிய ஆக்கிரமிப்பு வந்து போனது. போருக்குப் பின் மகன் டிரிஸ்டன் தோட்டத்தை நடத்தினார், அவருக்குப் பின் அவர் மகள் கரோலின்.

தொழிலாளர்களின் பக்கமும் மாறியது. 1938இல் மலாயாவுக்கு உதவித்தொகையோடு கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. ஏற்கெனவே வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தோட்டத்தில் வேலை செய்தார்கள், பிறகு பலர் படித்துப் பட்டணம் இறங்கினார்கள். இன்று சரிவுகளில் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து எடுக்கிறார்கள், கூடைக்குப் பக்கத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. 'போ' தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி அதே மலையில் இருக்கிறது.