ஜி. என். இராமச்சந்திரன் (1922 – 2001)

மாணவர்களே, புரதங்கள் அமினோ அமிலங்கள் பல இணைந்த நீண்ட சங்கிலிகள் என்பதை விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். இச்சங்கிலி எவ்வாறு மடிந்துள்ளது என்பதிலேயே புரதத்தின் தொழில் தங்கியுள்ளது. ஒரு மருந்து மூலக்கூறு புரதம் ஒன்றுடன் எவ்வாறு இணையும் என்பதை இன்று விஞ்ஞானிகள் கணினியிலேயே பாவனை செய்து பார்க்கின்றனர். ஆனால் கணினிக்குக் கொடுக்கப்படும் புரத மாதிரி பிழையானால் விடையும் பிழையாகும். அம்மாதிரியைச் சோதிக்க உதவும் வரைபு ஒன்றைச் சென்னையில் உருவாக்கியவரே இராமச்சந்திரன்.

இவர் 1922 ஒக்டோபர் 8 ஆம் திகதி கேரளத்தின் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் 1942 இல் மின்பொறியியல் கற்கச் சேர்ந்தவர், சேர். சி. வி. இராமனின் மாணவராகிப் பௌதிகவியலுக்கு மாறினார். பின்னர் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1952 இல், ஏறத்தாழ முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையின் தலைவரானார்.

அங்கு அவர் தெரிவுசெய்தது கொலாஜன் என்னும் புரதம். உங்கள் தோலிலும் என்பிலும் தசைநாணிலும் இருப்பது இதுவே. கங்காரு வாலின் தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜனை எக்ஸ்-கதிர் மூலம் ஆராய்ந்து, அது மூன்று சங்கிலிகள் முறுகிய சுருள் என்று 1954 இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அறிவித்தார். ஆயினும் மறு ஆண்டே எதிர்ப்பு எழுந்தது. அவரது மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் கூறினர். கிரிக் என்பவர் டீ.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்த இருவருள் ஒருவர். அவரது சொல்லுக்கு உலகெங்கும் மதிப்பு இருந்தது.

இராமச்சந்திரன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம் என்ற அடிப்படைக் கேள்வியை எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே ஆராயப்பட்ட பளிங்குகளின் அளவீடுகளைத் திரட்டி அத்தூரங்களைப் பெற்றார். புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு உண்டு. அவற்றின் கோணங்கள் பை, சை எனப்படும். இக்கோணங்களைச் சிறிது சிறிதாக மாற்றி, அணுக்கள் மோதுகின்றனவா என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணித்தார். நெரிசலான பஸ்ஸில் நிற்கும்போது முழங்கையை எல்லாப் பக்கமும் திருப்ப முடியாதல்லவா? மூலக்கூறிலும் அப்படியே. வரைபின் பெரும்பகுதி விலக்கப்பட்ட பிரதேசமாயிற்று. பக்கச் சங்கிலியாக ஓர் ஐதரசன் அணுவை மட்டும் கொண்ட கிளைசீனுக்கே அதிக இடம் கிடைத்தது. 1963 இல் வெளியான இது இராமச்சந்திரன் வரைபு எனப்படுகிறது. ஆண்டைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கொலாஜனின் மூவிழைச் சுருளும் நிலைத்தது. சில நுணுக்கங்களே திருத்தப்பட்டன.

1971 இல் லட்சுமிநாராயணனுடன் இணைந்து, எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து உடலின் குறுக்குவெட்டு உருவைக் கணிக்கும் முறையொன்றை வெளியிட்டார். இது சீ.டி. ஸ்கேன் தொழினுட்பத்திற்குப் பெரிதும் உதவியது. 1977 இல் இலண்டன் ரோயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு மட்டும் கிடைக்கவில்லை; அது அவருக்குரியதே என்று கருதுவோர் பலர். இறுதிக் காலத்தில் பார்க்கின்சன் நோயால் வருந்தி, 2001 ஏப்ரல் 7 ஆம் திகதி சென்னையில் காலமானார். கணினி அமைத்துத் தரும் புரத மாதிரிகளின் கோணங்கள் இன்றும் அவரது வரைபில் குறித்தே சரிபார்க்கப்படுகின்றன.