என். எஸ். கிருஷ்ணன்

கலைவாணர் எனப் பரவலாக அறியப்படும் என். எஸ். கிருஷ்ணன் (நவம்பர் 29, 1908 - ஆகஸ்ட் 30, 1957) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர், பாடகர், வில்லுப்பாட்டுக் கலைஞர், தயாரிப்பாளர், இயக்குநர் எனப் பல துறைகளில் விளங்கியவர். நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன் என்பதே இவரது பெயரின் விரிவு. தம் மனைவி டி. ஏ. மதுரத்துடன் இணைந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். பிறர் மனம் புண்படாமல் சிரிக்கவைத்து, அச்சிரிப்பினூடே சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பியவர் என்ற வகையில் இவர் நினைவுகூரப்படுகிறார்.

இளமை

அன்றைய திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சேர்ந்த நாகர்கோவிலின் ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளை, இசக்கியம்மாள் இணையருக்குப் பிறந்தார். வறுமை காரணமாகப் பள்ளிக் கல்வி நான்காம் வகுப்புடன் நின்றுபோயிற்று. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் வேலையே இவரை மேடைக்கு அருகில் கொண்டுசேர்த்தது. நாஞ்சில் நாட்டுக் கோயில் விழாக்களில் வழங்கும் வில்லுப்பாட்டிலும் இளமையிலேயே தேர்ச்சி பெற்றார். பிற்காலத்தில் இவர் கையாண்ட உத்திகள் பலவற்றுக்கு இந்த வில்லுப்பாட்டே வேர் எனலாம். கதை சொல்லிக்கொண்டே இடையில் நிறுத்தி, பின்பாட்டுக்காரருடன் உரையாடி, அவையோரைச் சிரிக்கவைத்துவிட்டு மீண்டும் கதைக்குத் திரும்பும் அமைப்பை இவரது திரைக்காட்சிகள் பலவற்றில் காணலாம்.

1920களின் நடுப்பகுதியில் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். எந்த வேடம் கொடுத்தாலும் ஏற்று நடிக்கும் திறமை அங்குதான் இவருக்கு வாய்த்தது.

திரைப்படத்துறையில்

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதி இவர் முதலில் ஒப்பந்தமான படமாகும். எஸ். எஸ். வாசனின் கதையைத் தழுவிய இப்படத்திலேயே எம். ஜி. ராமச்சந்திரனும் அறிமுகமானார். எனினும் இது 1936இல்தான் வெளிவந்தது. அதற்கு முன்பே, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகத்தைப் படமாக்கிய மேனகா (1935) திரைக்கு வந்துவிட்டது. ஆகவே இவரது முதற்படம் எது என்பதற்கு இரு விடைகளும் சொல்லப்படுவதுண்டு.

வசந்தசேனா (1936) படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோது டி. ஏ. மதுரத்துடன் பழக்கம் ஏற்பட்டு, அது திருமணத்தில் முடிந்தது. கிருஷ்ணன் அதற்கு முன்பே நாகம்மையை மணந்திருந்தார். கிருஷ்ணன்-மதுரம் இணை தமிழ்த் திரையுலகில் தனி நிறுவனம் போலவே இயங்கியது. டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, கொட்டாப்புளி ஜெயராமன் முதலியோர் இவர்களது குழுவில் இடம்பெற்றனர். நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணனே எழுதி, ஒத்திகை பார்த்து, தம் குழுவினரைக் கொண்டு எடுத்து முடிப்பார். மூலக்கதையுடன் அப்பகுதி ஒட்டாமல் நிற்பதும் உண்டு. அன்றைய இரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. படத்தை வாங்க வரும் விநியோகத்தர்கள் நாயகனுக்கு அடுத்தபடியாக இந்த இணையின் பெயர் உள்ளதா என்றே பார்த்தனர்.

அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), சகுந்தலை (1940), உத்தமபுத்திரன் (1940), ஆரியமாலா (1941), கண்ணகி (1942), சிவகவி (1943), ஹரிதாஸ் (1944) ஆகியவை இக்காலத்தில் இவர் நடித்த படங்களுள் சில. தம் பாடல்களைத் தாமே பாடினார். உடுமலை நாராயணகவி இவருக்காக எழுதிய பாடல்கள் பெரும் புகழ்பெற்றன.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு

திரைப்பட நடிகர்களின் தனிவாழ்க்கையைப் பற்றி எழுதிவந்த இந்துநேசன் இதழின் ஆசிரியர் சி. என். லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அடுத்த மாதத்திலேயே கிருஷ்ணன், எம். கே. தியாகராஜ பாகவதர், பட்சிராஜா படநிறுவன உரிமையாளர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதுசெய்யப்பட்டனர். கொலைக்குச் சதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. நாயுடு விடுவிக்கப்பட்டார். கிருஷ்ணனுக்கும் பாகவதருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

இவ்விருவரும் சேர்ந்து நடித்த ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையில் இவர்களைப் பார்க்க மக்கள் திரண்டுகொண்டிருந்தபோது இருவரும் சிறையில் இருந்தனர்.

வழக்கை நடத்தும் சுமை மதுரத்தின் மீது விழுந்தது. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் என். எஸ். கே. நாடக சபையைத் தொடர்ந்து நடத்தி, நாடக வருவாயைக் கொண்டு செலவுகளைச் சமாளித்தார். அச்சபையிலிருந்து பிரிந்த கே. ஆர். ராமசாமி தஞ்சையில் கிருஷ்ணன் நாடக சபையைத் தொடங்கினார். அச்சபைக்காகவே சி. என். அண்ணாதுரை ஓர் இரவு, வேலைக்காரி ஆகிய நாடகங்களை எழுதினார். கிருஷ்ணனின் சிறைவாசம் திராவிட இயக்க நாடகத்துக்கு ஒரு மேடையை அமைத்துக்கொடுத்தது என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுபரிசீலனைக்குச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. வி. எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை செய்யப்பட்டனர். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழித்திருந்தனர். லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது இறுதிவரை நிறுவப்படவில்லை.

விடுதலைக்குப் பின்

பாகவதரால் பழைய நிலையை எட்டமுடியவில்லை. கிருஷ்ணனோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அழகும் செல்வமும் நிறைந்த நாயகனுக்குச் சிறைவாசம் ஏற்படுத்திய களங்கம், சாமானியர்களுள் ஒருவராகவே திரையில் தோன்றிய நகைச்சுவை நடிகரைப் பாதிக்காமல் போனது இதற்கு ஒரு காரணமாகலாம். வழக்குச் செலவுக்காக மதுரம் முயன்று எடுத்த பைத்தியக்காரன் (1947) படத்தில் விடுதலையான கிருஷ்ணனும் தோன்றினார். அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் இவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கினார்.

இவரது படைப்புகளுள் முதன்மையானது நல்லதம்பி (1949) எனலாம். மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன் என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவிய இதற்கு அண்ணாதுரை திரைக்கதை எழுதினார். அவர் திரைப்படத்துக்கு எழுதியது இதுவே முதல் முறை. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர். மதுவிலக்கை வலியுறுத்திய இப்படத்தில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபம் குறிப்பிடத்தக்கது. நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் உள்ளீட்டை மாற்றினார். நந்தன் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினான். கிந்தனோ பள்ளிக்குப் போக ஏங்குகிறான். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்ததால் ஊரில் அடிபட்டு, நகரத்துக்குச் சென்று படித்து, பள்ளி ஆய்வாளராகத் திரும்பி வருகிறான். நந்தனார் தீயில் மூழ்கி அடைந்த தகுதியைக் கிந்தனார் கல்வியால் அடைகிறார். வாதம் ஏதும் செய்யாமல், காலட்சேபக்காரரின் குரலிலும் மெட்டிலுமே இதைச் சொல்லி முடித்தது இவரது தனித்திறன்.

மணமகள் (1951), பணம் (1952) ஆகிய படங்களை இயக்கினார், இரண்டுக்கும் மு. கருணாநிதி வசனம் எழுதினார். மணமகள் படத்தில் பத்மினி தமிழில் கதாநாயகியாக அறிமுகமானார். விசுவநாதன்-ராமமூர்த்தி இணைந்து இசையமைத்த முதற்படம் பணம். 1951இல் திரைப்படக் குழுவினருடன் சோவியத் ஒன்றியத்துக்கும் சென்றுவந்தார். ராஜா ராணி (1956) படத்தில் சிரிப்பின் வகைகளைச் சிரித்தே காட்டி இவர் பாடிய பாடல் பிற்காலத்திலும் அடிக்கடி ஒலித்தது.

அரசியல், கொடை

திராவிட இயக்கத் தலைவர்களுடன் நெருங்கிய நட்புக் கொண்டிருந்தபோதும் காந்தியடிகளிடமும் பெருமதிப்பு வைத்திருந்தார். காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக நிகழ்த்தினார். பின்னாளில் வில்லிசை வேந்தர் எனப் பெயர்பெற்ற சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து வளர்த்தவரும் இவரே. 1957 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரைக்காகப் பரப்புரை செய்தார். எதிர்த்து நின்ற வேட்பாளர் மருத்துவர். அவரது கைராசியை வெகுநேரம் புகழ்ந்துவிட்டு, இத்தகைய மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் ஊரில் நோய்க்கு யார் பார்ப்பது என்று கேட்டு முடித்ததாகச் சொல்வர்.

கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார் என்பது இவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் அனைத்திலும் வரும் செய்தி. ஈட்டியதில் பெரும்பகுதி கொடையிலும் வழக்கிலும் கரைந்தது. இறுதிக்காலத்தில் கையில் பெரும்பொருள் இருக்கவில்லை.

மறைவும் நினைவும்

உடல்நலம் குன்றிச் சென்னை அரசுப் பொதுமருத்துவமனையில் 1957 ஆகஸ்ட் 30 அன்று தமது 48ஆவது வயதில் காலமானார். சிவாஜி கணேசன் நடித்த அம்பிகாபதி அவர் மறைந்த சில வாரங்களில் வெளியானது. 1937, 1957 ஆகிய இரண்டு அம்பிகாபதி படங்களிலும் கிருஷ்ணன் நடித்துள்ளார். ராஜா தேசிங்கு 1960இல்தான் திரைக்கு வந்தது. மதுரம் 1974இல் காலமானார்.

1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்ட பின்னர், இவரைத் திரையரங்கில் பார்த்திராத தலைமுறையினரும் பழைய படங்களின் ஒளிபரப்பு வழியே இவரது நகைச்சுவையை அறிந்தனர். 2008இல் இந்திய அஞ்சல்துறை இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

சென்னை தியாகராய நகரில் உள்ள இவரது சிலையை 1969 சனவரியில் அன்றைய முதலமைச்சர் அண்ணாதுரை திறந்துவைத்தார். நோயுற்றிருந்த நிலையில் அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சிகளுள் அது ஒன்று. அடுத்த மாதம் 3ஆம் நாள் அவர் மறைந்தார். சென்னை வாலாசா சாலையருகே அமைந்த அரசு அரங்கத்துக்குக் கலைவாணர் அரங்கம் எனப் பெயரிடப்பட்டது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, 2016இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 செப்டம்பர் முதல், தமிழ்நாடு சட்டமன்றக் கூட்டங்கள் இவ்வரங்கத்தில் நடைபெற்றன.