வசுபந்து ஆசாரியர் கண்ட அடிமனம்

பௌத்த உலகம் போற்றும் பேராசான்களுள் வசுபந்து ஆசாரியர் ஒருவர். நமது அறிவுக்கு எட்டாமல் உள்ளத்தின் அடியிற் கிடந்து, சினத்தையும் அச்சத்தையும் செருக்கையும் எழுப்பிவிடும் ஆற்றல்களை நுணுகி ஆராய்ந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையே அவ்வாராய்ச்சிக்கு ஓர் உரைபோல அமைந்துள்ளது.

அவர் வாழ்ந்த காலம் கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளை ஒட்டியது. பிறந்த ஊர் புருஷபுரம். இன்று பாகிஸ்தானிலுள்ள பெஷாவர் நகரமே அது. உச்சயினியிலிருந்து புறப்பட்டு 546-இல் சீனம் சேர்ந்த பரமார்த்தர் என்னும் பிக்கு அவருடைய சரிதத்தை எழுதிவைத்துள்ளார். அதன்படி, அந்தணர் குடியிற் பிறந்த மூன்று சகோதரர்களுள் மூத்தவர் அசங்கர். அடுத்தவர் நமது ஆசாரியர். இருவரும் சங்கம் புகுந்து துவராடை பூண்டனர். அசங்கர் மகாயான நெறியைத் தழுவினார். தம்பியோ பழைய அபிதர்ம நெறியிலேயே ஊன்றி நின்றார்.

வசுபந்து அபிதர்மத்தை நாள்தோறும் பாடம் சொல்லி, அன்றன்று சொன்னதை ஒரு செய்யுளாகச் சுருக்கி வந்தாராம். அச்செய்யுளைச் செப்பேட்டிற் பொறித்து, மதயானையின் மீது வைத்து, மறுக்க வல்லார் வருக என்று பறையறைவித்தார் என்கிறது சரிதம். மறுக்க ஒருவரும் வரவில்லை. இவ்வாறு ஏறத்தாழ 600 செய்யுட்கள் திரண்டு, அபிதர்மகோசம் என்னும் பெருநூலாயின.

அந்நூலின் ஐந்தாம் பகுதி அநுசயங்களைப் பற்றியது. அநுசயமாவது உள்ளத்தில் உறங்கிக் கிடக்கும் மாசு. அதே மாசு விழித்தெழும்போது சினமாகவோ காமமாகவோ நம்மை வந்து மூடிக்கொள்கிறது என்னும் கருத்தை ஆசாரியர் தமது உரையில் எடுத்து விளக்குகிறார். மாசு எழுவதற்கு மூன்று காரணங்களையும் வகுத்துரைக்கிறார். உறங்கும் மாசு அறுபடாதிருத்தல் ஒன்று. அதைத் தூண்டும் பொருள் எதிர்ப்படுதல் மற்றொன்று. அப்பொருளை முறை தவறி எண்ணுதல் மூன்றாவது.

நமது வாழ்விலிருந்தே இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். தெருவில் ஒருவன் நம்மை ஏகவசனத்தில் அழைக்கிறான். நமக்கு உடல் பதறுகிறது. அல்லது நம்மையறியாமலே தலை தாழ்கிறது. அதே சொல்லை உற்ற நண்பன் சொன்னால் சிரித்துக்கொண்டே மறுமொழி கூறுகிறோம். ஆகவே, அந்தச் சொல் மட்டும் பதற்றத்தை விளைத்துவிடவில்லை. நம் பாட்டனாரும் தந்தையாரும் பட்ட இழிவைக் கண்டும் கேட்டும் நம் உள்ளத்திற் படிந்த வடு அப்பொழுது விழித்துக்கொள்கிறது. இழித்துப் பேசியவனையும் அவனறியாத செருக்கு ஒன்று ஆட்டுகிறது. அவன் செய்தது அநீதியே. அதை எதிர்த்து நிற்பது நம் கடமையே. ஆயினும் வடு பேசுகிறதா, நாம் பேசுகிறோமா என்பதை அறிந்து எதிர்ப்பவனுக்கே சொல்லும் செயலும் வசப்படும்.

இவ்வளவு தெளிந்த ஆசாரியரையும் மாசு விட்டுவைக்கவில்லை. கோசத்தை இயற்றிய புகழோடு அயோத்தியில் வாழ்ந்த அவர், தமையனாரின் மகாயானத்தைப் புத்தர் மொழியன்று என இகழ்ந்து வந்தார். செருக்கையும் ஓர் அநுசயமாக எண்ணி எழுதியவர், தம் உள்ளத்தில் அது விழித்திருந்ததைக் காணவில்லை போலும். நோயுற்றிருப்பதாக அசங்கர் ஆளனுப்பினார். விரைந்து வந்த தம்பி நோயின் காரணத்தை வினவ, தம்பியின் இகழுரையே தமக்கு நோயாயிற்று என்றார் அசங்கர். பிறகு மகாயானத்தின் பொருளை எடுத்து விளக்கினார். உண்மை உணர்ந்த வசுபந்து, இகழ்ந்த தம் நாவை அறுத்தெறியத் துணிந்தார். அசங்கரோ, ஆயிரம் நாக்குகளை அறுத்தாலும் செய்த பிழை தீராதென்றும், இகழ்ந்த நாவினாலேயே அறத்தை விளக்குவதே கழுவாய் என்றும் கூறித் தடுத்தார்.

பின்னர் அவர் இயற்றிய நூல்களுள் 30 செய்யுட்களால் ஆகிய திரிம்சிகை புகழ் வாய்ந்தது. ஐம்பொறி அறிவுகளுக்கும் எண்ணும் மனத்திற்கும் அடியில் ஆலய விஞ்ஞானம் என்றொரு நீரோட்டம் இருப்பதாக அது கூறுகிறது. நாம் செய்யும் ஒவ்வொரு செயலும் அதில் ஒரு வித்தை இடுகிறது; காலம் வாய்த்தபோது வித்து முளைக்கிறது. அவ்வோட்டத்தையே நான் என்று பற்றி நிற்கும் வேறோர் அறிவும் உண்டு. தன்னைப் பற்றிய பொய்க்காட்சி, மயக்கம், செருக்கு, பற்று ஆகிய நான்கும் அதனை நீங்காமல் நிற்கின்றன. ஆயினும் அடிமனம் மாறாத விதியன்று. பயிற்சியால் அதன் அடித்தளமே திரும்பிவிடும் என்பது அவர் முடிவு.

இந்நூலுக்கு உரை கண்டவர்களுள் சிறந்தவர், காஞ்சிபுரத்திற் பிறந்து நாளந்தையிற் புகழ்பெற்ற தர்மபாலர். அவருடைய கருத்தை முதன்மையாகக் கொண்டே யுவான் சுவாங் 659-இல் சீன மொழியில் பெருநூல் ஒன்றை ஆக்கினார். வசுபந்துவின் எண்ணம் சீனத்தில் வேரூன்றியதில் ஒரு தமிழ்நாட்டாருக்கும் பங்குண்டு.

வசுபந்து தமது எண்பதாம் அகவையில் அயோத்தியில் மறைந்தார் என்பது சரிதம். ஐரோப்பிய மனநூலார் நனவிலி மனம் பற்றிப் பேசத் தொடங்கியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே.

மும்மணிகளைச் சரணடைந்த அன்றே நமது பெயர் மாறியிருக்கலாம். பழைய வித்துக்கள் அன்றே அழிந்துவிடுவதில்லை. பழைய அச்சம் தலைகாட்டும்போது நாம் மனம் தளரவேண்டா. எழுவது இன்னதென்று விழிப்போடு கண்டு, அதற்கு நீர் வாராது விடுவோம். அன்பையும் அஞ்சாமையையும் நாள்தோறும் புதிய வித்தாக இடுவோம். இகழ்ந்த நாவே அறம் உரைத்தது என்றால், குனிந்து பழகிய தலை நிமிர்ந்து பழகுவதும் கூடும்.