வி. ஜி. பன்னீர்தாஸ்

நம் பக்கத்துப் பெரியோர் சரிதம் எழுதப் புகுவோர் புலவரையும் சீர்திருத்தக்காரரையும் நாடகக் கலைஞரையும் எடுத்துக்கொள்வதே வழக்கமாயிருக்கின்றது. கடை வைத்துப் பிழைத்த ஒருவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்பது அவர்தம் கருத்துப் போலும். அக்கருத்தை நாம் ஒப்பவில்லை. ஆதலின், அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் அழகப்பபுரத்திற் பிறந்து, சென்னையிற் பெரும்பெயர் எய்தி மறைந்த வி. ஜி. பன்னீர்தாஸ் அவர்களின் வாழ்க்கையை இம்மாத இதழில் எடுத்துக்கொண்டோம்.

அவர் இளமையில் நம்மூரிலிருந்து சென்னைக்குப் போவதென்பது எளிய காரியமன்று. நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை வந்தது 1979ஆம் ஆண்டில். அதற்கு முன் திருநெல்வேலி வரை பஸ்ஸிற் சென்று அங்கே ரயிலேற வேண்டும். நம் தாலுகாக்களோ 1956ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் நாள் வரை சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தனவல்ல. பட்டணம் சென்றவன் அயல்நாடு சென்றவனே. அங்ஙனம் சென்ற பன்னீர்தாஸ் எளிய தொழில்கள் செய்து, தம் சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டு, 1950களில் தவணை வியாபாரத்தில் இறங்கினார்.

தவணை வியாபாரம் இக்காலத்தார்க்குப் புதிதன்று. ஆயினும் கைக்கடியாரமும் வானொலிப் பெட்டியும் செல்வர் வீட்டுப் பொருள்களாயிருந்த அந்நாளில், மாதச் சம்பளக்காரன் ஒருவன் முன்பணம் சிறிது கொடுத்துக் கடியாரத்தைக் கட்டிக்கொண்டு போய், மிச்சத்தை மாதந்தோறும் செலுத்தலாம் என்பது புதுமையே. ஒருவன் கொடுத்த தவணை பெட்டியிலே தூங்கலாகாது. உடனே மற்றொருவனுக்குக் கடியாரமாகிப் போக வேண்டும். பணம் எத்தனை முறை சுழலுகின்றதோ அத்தனை முறை லாபம். எங்கே நிற்கின்றதோ அங்கே நஷ்டம். இந்தச் சூத்திரத்தை அவர் நன்கு கற்றார். பின்னர் வீட்டு மனைகளையும் அவ்வாறே தவணையில் விற்கத் தலைப்பட்டார். வி. ஜி. பி. என்னும் மூன்றெழுத்து தமிழ்நாடெங்கும் பரவியது.

மனை வியாபாரம் அவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில், 1970களில், கோல்டன் பீச் என்னும் உல்லாச இடத்தை அமைத்தார். அக்காலத்தில் அப்பகுதி மணல்மேடும் சவுக்குத் தோப்புமே. அங்கே சிலைகளை நிறுத்தினார், தோட்டம் வைத்தார், இராட்டினங்களைக் கொணர்ந்தார், படம் பிடிப்போர்க்கு இடங் கொடுத்தார். சினிமாவில் அவ்விடத்தைக் கண்டவர்கள் அதனை நேரிற் காண விரும்பிச் சீட்டு வாங்கினார்கள். விளம்பரத்துக்குத் தாம் செலவிடாமல் விளம்பரம் செய்வோரிடமே வாடகை பெற்ற இச்சாமர்த்தியத்தை நாம் பெரிதும் வியக்கின்றோம்.

இத்தொழிலின் இயல்பை அறிய அமெரிக்க தேசத்தைச் சிறிது நோக்குதல் நலம். வால்ட் டிஸ்னி என்பார் 1955ஆம் வருஷம் ஜூலை 17ஆம் நாள், 160 ஏக்கர் நிலத்தில், 1 கோடி 70 லட்சம் டாலர் செலவில், அனஹைம் நகரில் தமது பூங்காவைத் திறந்தார். கூட்டம் பெருகிற்று. ஆனால் வேலிக்கு வெளியே பிறர் விடுதி கட்டி, அவர் அழைத்துவந்த விருந்தினரிடம் பொருளீட்டினர். போதிய நிலம் வாங்காமற் போனமைக்கு அவர் பெரிதும் வருந்தினார். பின் புளோரிடாவில் வேறு பெயர்களில் இரகசியமாகச் சுமார் 27,000 ஏக்கர் வாங்கினார். அது திறக்கப்படுமுன், 1966இல், காலமானார். முதற் பூங்காவிலோ திறந்த நான்காம் வருஷமே, 1959இல், பனிமலை வண்டியும் ஒற்றைத் தண்டவாள வண்டியும் நீர்மூழ்கியும் சேர்த்தார். அவருக்குப் போட்டியாக 1958இல் சாண்டா மோனிக்காக் கடலோரத்தில் ஒரு பூங்கா எழுந்தது. முதலிற் பெருங்கூட்டம். ஆனால் உப்புக்காற்று இரும்பை அரிக்க, பழுதுபார்க்கப் பணமில்லாமல் 1967இல் அது மூடப்பட்டது.

நிற்க. நம்மவர் நிலத்தை முதலிலேயே வாங்கியவர். டிஸ்னிக்கு நேர்ந்த முதற் குறை இவருக்கில்லை. ஆனால் சாண்டா மோனிக்காவின் உப்புக்காற்று ஈஞ்சம்பாக்கத்திலும் வீசும். இராட்டினம் வாங்கிய நாளிலிருந்து தேய்கின்றது. அதன் கீழுள்ள நிலமோ வாங்கிய நாளிலிருந்து விலையேறுகின்றது. சும்மா கிடந்தாலும் வளரும் பொருளை வைத்துக்கொண்டு, தேயும் பொருளுக்கு ஆண்டுதோறும் பணம் போட எவருக்கும் மனம் எளிதில் வாராது. நம் சங்கத்து வியாபாரக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள்: லாபம் வயலாகவும் வீடாகவும் பெண்ணுக்கு நகையாகவும் போகின்றது, கடையின் அலமாரி பாட்டனார் காலத்து அலமாரியாகவே நிற்கின்றது. இதனை எழுதும் நமக்கும் அக்குற்றம் உண்டு.

1990களில் போட்டி முற்றியது. அதே சாலையில் இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் எம். ஜி. எம். டிஸ்ஸி வேர்ல்ட் வந்தது. 1995இல் தாம்பரத்துக்கு அப்பால் கிஷ்கிந்தாவைத் திறந்தவர், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை 1984இல் எடுத்த நவோதயா அப்பச்சன். புதிய இயந்திரங்களும் அலையெழும் நீர்க்குளமும் அங்கே கூட்டத்தை இழுத்தன. இயந்திரத்துக்கு இயந்திரம் என்று போட்டியிட்டால் முடிவில்லை. ஒருவன் கொணர்ந்ததை அடுத்த கோடையில் மற்றவன் இன்னும் உயரமாகக் கொணர்வான். பன்னீர்தாஸின் பூங்காவிலோ வேறொன்று நின்றது. லண்டனில் பக்கிங்காம் அரண்மனைக் காவலர் அசையாது நிற்பதைக் கண்டு அவர் அக்கருத்தைக் கொணர்ந்தார் என்பர். தலைப்பாகையும் மீசையுமாக ஒரு மனிதர் சிலைபோல் நிற்பார். அவரைச் சிரிக்க வைக்கக் குழந்தைகளும் பெரியோரும் நாள்தோறும் முயன்று தோற்பர். துருப்பிடியாத, தேய்மானமில்லாத, மின்சாரம் வேண்டாத காட்சி அது. அதற்கான செலவு ஒரு மனிதரின் சம்பளமே. எனினும் மணிக்கணக்காக வெயிலில் அசையாது நின்ற அம்மனிதரின் கால்வலியையும் நாம் கணக்கில் எழுத வேண்டும்.

கடலும் சிலைமனிதரும் உள்ள பூங்கா, நிலம் விற்காமல் நின்றது. நாற்புறமும் மனை விலை ஏறிய காலத்திலும் வாயில் அடைபடவில்லை. தம்பியர் வி. ஜி. செல்வராஜும் வி. ஜி. சந்தோசமும் அடுத்த தலைமுறையினரும் தொழிலைத் தொடர்ந்தனர். 2019இல் அதே வளாகத்தில் மீன்கள் தலைக்குமேல் நீந்தக் காணும் கண்ணாடிக் குகையுடன் கடல்வாழ் உயிர்க்காட்சியைத் திறந்தார்கள். 2025 டிசம்பரில் வொண்டர்லா நிறுவனம் திருப்போரூர் அருகே இள்ளலூரில் 611 கோடி ரூபாய் முதலீட்டில் தன் பூங்காவைத் திறந்துவிட்டது. நம்மூர்ப் பிள்ளைகளைப் பட்டணத்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பஸ்ஸை எந்த வாயிலில் நிறுத்துவதென்று இப்போது யோசிக்கிறார்கள்.