மதுசூதனர் விட்டுச் சென்ற நிம்மதி

கொல்கத்தாவில் ஹூக்ளி நதியை ஒட்டி அமைந்த கிடர்பூரை இன்று கப்பல் துறையின் பெயரால் அறிகிறோம். அத்துறை 1892இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அங்கு ஒரு வீட்டில் பெற்றோரின் செல்லத்தில் திளைத்து ஒரு சிறுவன் வளர்ந்தான். தந்தை ராஜ்நாராயண் தத்தர் சதர் திவானி நீதிமன்றத்தின் பெயர் பெற்ற வக்கீல். தாய் ஜானவி தேவி. 1824 ஜனவரி 25 அன்று ஜெசூர் பகுதியின் சாகர்தாரி கிராமத்தில் பிறந்த அந்த மகனே பிற்காலத்தில் வங்கக் கவிதையின் போக்கை மாற்றிய மைக்கேல் மதுசூதன தத்தர்.

ஹிந்து கல்லூரியில் பயின்ற நாட்களில் அவரது மனத்தை ஒரே ஒரு கனவு ஆட்கொண்டிருந்தது. இங்கிலாந்துக்குச் சென்று ஆங்கிலக் கவிஞராகப் புகழ் பெற வேண்டும் என்பதே அது. தாய்மொழியை அவர் பொருட்படுத்தவில்லை. தந்தை திருமணத்திற்கு ஏற்பாடு செய்தபோது, அதிலிருந்து தப்பும் எண்ணமும் இங்கிலாந்து ஆசையும் ஒன்றுசேர, 1843 பிப்ரவரி 9 அன்று கிறிஸ்தவ மதத்தைத் தழுவினார். கிடர்பூர் வீட்டில் அதன்பின் அவரால் வாழ இயலவில்லை. ஆயினும் தந்தை பாசத்தை உடனே அறுத்துவிடவில்லை. பிஷப் கல்லூரியில் மகன் படிக்கச் சில ஆண்டுகள் பணம் அனுப்பினார். பிறகு அதையும் நிறுத்திக்கொண்டார்.

கையில் பொருளின்றி, 1848இன் தொடக்கத்தில் மதுசூதனர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அநாதைச் சிறுவர் இல்லத்தின் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அதே ஆண்டில் ரெபெக்காவை மணந்தார். அக்காலத்தில் தம் நண்பர் கௌர்தாஸ் பசாக்குக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ஒரு நாளைத் தாம் செலவிடும் முறையை அவர் விவரித்துள்ளார். காலையில் ஹீப்ரு, பிறகு பள்ளி, நண்பகலில் கிரேக்கம், பிற்பகலில் தெலுங்கும் சம்ஸ்கிருதமும், மாலையில் லத்தீன், இரவு பத்து மணி வரை ஆங்கிலம்! வியக்கத்தக்க உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் புதிதாக இல்லறம் புகுந்த ஒருவரின் அந்த அட்டவணையில் மனைவிக்கென்று ஒரு நாழிகைகூட ஒதுக்கப்படவில்லை.

1849இல் சென்னையிலேயே அவரது ஆங்கிலக் காவியம் வெளிவந்தது. எதிர்பார்த்த புகழ் வரவில்லை. கல்வி அதிகாரியான பெத்தூன், இத்திறமையைத் தாய்மொழிக்குச் செலவிடலாமே என்ற கருத்தைத் தெரிவித்தார். அறிவுரை கசந்திருக்கக்கூடும், எனினும் வீண்போகவில்லை. க்ருத்திவாசரின் ராமாயணத்தையும் காசிராம் தாஸரின் மகாபாரதத்தையும் கொல்கத்தாவிலிருந்து வரவழைத்துப் படிக்கலானார் மதுசூதனர்.

1855 ஜனவரியில் தந்தை காலமானார். அச்செய்தி ஏறத்தாழ ஓராண்டு கழிந்தே, நண்பரின் கடிதம் வழியாக மகனை எட்டியது. தாய் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். உறவினர்கள் சொத்துக்காகப் பூசலிட்டுக் கொண்டிருந்தனர். 1856இல் அவர் கொல்கத்தாவுக்குத் திரும்பினார். ரெபெக்காவும் குழந்தைகளும் சென்னையில் விடப்பட்டனர். அவர்களிடம் அவர் மீண்டும் திரும்பவே இல்லை. அவருடைய பெருமையைப் பேசுவோர் இதை மெல்லக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் அந்தப் பெண்மணி 1892 வரை சென்னையில் உயிர் வாழ்ந்தார் என்பதை மறப்பதற்கில்லை.

கொல்கத்தாவில் போலீஸ் நீதிமன்றத்தில் எழுத்தராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணி கிடைத்தது. சாதாரண உத்தியோகம்தான். ஆனால் வேலையும் வீடும் கவிதையும் ஒன்றையொன்று நெருக்காமல் அமைந்த காலம் அவரது வாழ்வில் இந்த ஒன்றே. சென்னையிலிருந்து வந்த ஹென்ரியெட்டா உடனிருந்து இல்லறம் நடத்தினார். பகலில் நீதிமன்றம், மற்ற நேரமெல்லாம் எழுத்து. தாம் சொல்லச் சொல்லப் பண்டிதர்கள் எழுதிக்கொள்ளும்படி, ஒரே காலத்தில் பல நூல்களை அவர் இயற்றினார். 1859இல் 'சர்மிஷ்டா' நாடகம், 1860இல் எதுகையற்ற புதிய யாப்பில் 'திலோத்தமா' காவியம், 1861இல் ஒன்பது சர்க்கங்கள் கொண்ட 'மேகநாத வதம்' என்று வரிசையாக வெளிவந்தன. இராவணன் மகனைக் காவிய நாயகனாக்கிய அந்நூல் வங்கத்தையே நிமிர்ந்து உட்காரச் செய்தது. காளிபிரசன்ன சிங்கர் விழா எடுத்து, வெள்ளிப் பாத்திரம் பரிசளித்து அவரைக் கௌரவித்தார். இளமையில் எந்த மொழியை அலட்சியம் செய்தாரோ, அந்த மொழியே அவருக்கு எல்லாவற்றையும் வாரி வழங்கியது.

இதோடு அவர் மனம் நிறைந்திருக்கலாம். நிறையவில்லை. பாரிஸ்டராகிப் பெரும்பொருள் ஈட்டும் ஆசையுடன் 1862 ஜூனில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சொத்துக்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் ஒப்புக்கொண்டபடி பணம் தரவில்லை. ஹென்ரியெட்டாவும் குழந்தைகளுடன் ஐரோப்பாவுக்கே சென்று சேர்ந்தார். பிரான்சின் வெர்சாய் நகரில் குடும்பம் கடனிலும் பட்டினியிலும் தத்தளித்தது. சிறைக்குச் செல்ல நேரிடுமோ என்ற நிலையில் 1864இல் ஈஸ்வரசந்திர வித்யாசாகரருக்கு எழுதினார். வித்யாசாகரர் முதலில் 1500 ரூபாய் அனுப்பினார். அடுத்தடுத்துத் தொகைகள் தேவைப்பட்டபோது பிறரிடம் தாமே கடன் வாங்கி அனுப்பினார். கனவு கண்ட தேசத்திற்கு அருகில் அமர்ந்துகொண்டு மதுசூதனர் பாடியதோ, சாகர்தாரியில் ஓடும் கபோதாட்ச நதியை! அந்தப் பதினான்கு வரிப் பாக்கள் 1866இல் நூலாயின.

அதே ஆண்டு பாரிஸ்டர் பட்டமும் கிடைத்தது. 1867இல் அவர் திரும்பியபோது, வித்யாசாகரர் அவருக்கென ஒரு வீட்டை ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அவரோ ஸ்பென்ஸ் ஹோட்டலில் தங்கினார். வருமானம் வந்தது, செலவு அதையும் மிஞ்சியது. குடியும் கடனும் உடலைத் தின்றன. வக்கீலாக இருந்த ஆண்டுகளில், பழைய மொழிபெயர்ப்பாளர் எழுதியதற்கு நிகராக அவர் எதையும் எழுதவில்லை.

1873 ஜூனில், கிடர்பூரை அடுத்த அலிப்பூரின் பொது மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். 26ஆம் தேதி ஹென்ரியெட்டா வேறோர் இடத்தில் நோயால் இறந்தார். அச்செய்தியைப் படுக்கையிலேயே கேட்டார். ஆண் குழந்தைகளைக் காப்பதாக நண்பர் மன்மோகன் கோஷ் வாக்களித்தார். 29ஆம் தேதி மதுசூதனர் கண் மூடினார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் 1888இல் நினைவுக்கல் நாட்டப்பட்டது. அதில் பொறிப்பதற்கான வரிகளை அவரே வங்காளத்தில் எழுதி வைத்திருந்தார். வழிப்போக்கரைச் சற்று நிற்கச் சொல்லும் அவ்வரிகளில் அவர் தம் நூல் எதையும் குறிப்பிடவில்லை, பட்டத்தையும் குறிப்பிடவில்லை. கபோதாட்ச நதிக்கரையில் தாம் பிறந்த சாகர்தாரியையும், தந்தை ராஜ்நாராயணரையும், தாய் ஜானவியையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்.