மானிப்பாய் கிறீன் வைத்தியர்

1822ஆம் ஆண்டிலே, உலகின் இரு கோடிகளில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒக்டோபரில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் ஒன்று, டிசெம்பரில் நல்லூரில் மற்றொன்று. முதலாவது குழந்தை வளர்ந்து கிறிஸ்து சமயத்தை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்ல இங்கே வந்தது. மற்றது அச்சமயம் இங்கே பரவாமற் காக்கத் தன் ஆயுளையே செலவிட்டது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். அதே ஆண்டில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்களைக் கூட்டி மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். எதிர் எதிர்ப் பக்கத்தில் நின்ற இருவரும் தங்கள் வேலைக்குத் தமிழ் உரைநடையையே கருவியாகக் கொண்டார்கள். நாவலரைப் பற்றி நாம் எல்லோரும் வகுப்பிலே படித்திருக்கிறோம். கிறீனைப் பற்றி அவ்வளவாகப் படித்ததில்லை. ஆகவே இம்மலரில் அவரைப் பற்றி எழுத விரும்பினேன்.

கிறீன் 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். அவருடைய தமையன் அன்று நியூயோர்க் நகரின் பெரும் பிரமுகராக உயர்ந்தவர். சென்ட்ரல் பார்க் எனும் அந்த மாபெரும் பூங்கா உருவாக உழைத்தவர்களுள் முக்கியமானவர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன். தம்பியோ அந்த நகரத்தை விட்டு, 25 வயதளவில், 1847இல் அமெரிக்க மிஷன் ஊழியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மிஷன் இங்கே காலூன்றி அப்போது 30 ஆண்டுகள் கடந்திருந்தன. பண்டத்தரிப்பில் டொக்டர் ஜோன் ஸ்கடர் வைத்தியம் செய்த காலமும் முடிந்திருந்தது. உடுவிலில் பெண்கள் பாடசாலையும் வட்டுக்கோட்டையில் செமினரியும் நடந்துகொண்டிருந்தன. கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, பின் மானிப்பாய்க்கு மாறினார்.

மானிப்பாயில் மருந்து கொடுக்குமுன் வேதவாசிப்பும் ஜெபமும் நடக்கும். வந்தவர் சைவராயினும் கத்தோலிக்கராயினும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தியரைப் பார்ப்பார். கிறீனுக்கு இது மிக இயல்பான காரியம். உடலைச் சுகப்படுத்துவதும் ஆத்துமாவுக்கு நற்செய்தி சொல்வதும் அவர் எண்ணத்தில் ஒரே ஊழியம்.

கிறிஸ்தவளாகவும் வைத்தியராகவும் இருக்கும் எனக்கு இந்த இடம் சற்று இடறுகிறது. வலியோடு வந்து வாங்கில் குந்தியிருக்கும் ஒருவருக்கு எழுந்து போகும் சுதந்திரம் எவ்வளவு இருந்திருக்கும்? இன்று ஒரு விடுதியில் நான் அப்படிச் செய்தால் அது தவறு, அதில் எனக்கு ஐயமில்லை. கிறீனை அவர் காலத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதும் தெரியும். ஆனாலும் காலத்தைக் காட்டி எல்லாவற்றையும் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் பக்கத்தில் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. மதம் மாறினாற்றான் மருந்து என்று அவர் ஒருபோதும் வைத்ததில்லை. கேட்டவர் கேட்டார், சுகமானவர் சுகமாகித் தம் கோயிலுக்கே திரும்பிப் போனார். மறுமுறை வந்தபோதும் அதே கவனிப்புக் கிடைத்தது.

அவருடைய உண்மையான பிரசங்கம் வேறிடத்தில் நடந்தது என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அவருக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவர் ஆங்கிலம் பேசும் இடத்தை, அதாவது அரசாங்க உத்தியோகத்தைத் தேடிப் போய்விடுவார். கிராமத்து நோயாளிக்கு அவரால் பயன் குறைவு. 1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டதற்கும் இதையொத்த காரணமே சொல்லப்பட்டது. ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போனார்கள். கிறீன் உடல்நலம் குன்றி அமெரிக்கா சென்று, 1862இல் மார்கரெட் அம்மையாரை மணந்து மீண்டும் மானிப்பாய்க்கு வந்தபின், துணிந்து ஒரு முடிவெடுத்தார். 1864 முதல் வகுப்புக்கள் தமிழிலேயே நடந்தன. படித்து முடிந்ததும் அரசாங்க வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதி எதுவுமில்லை. ஊரில் இருந்து, ஊரார் தருவதைக் கொண்டு பிழைக்கும் வைத்தியர்களே அவருக்கு வேண்டியிருந்தது.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே! கட்டர் எழுதிய நூலை முதல் முறை தங்கியிருந்த காலத்திலேயே அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்ற பெயர்களின் கீழ்த் தமிழாக்கியிருந்தார். உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் என்று நாம் இன்று சொல்லும் மூன்றுமே அவை. 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம் என நூல்கள் தொடர்ந்தன. கடைசியாகச் சொன்னது கிரேயின் உடலமைப்பு நூலைத் தழுவியது. கிரேயைக் கண் எரிய எரியப் படித்த எந்த வைத்திய மாணவியும் அதைத் தமிழில் கொண்டுவருவதென்றால் என்ன வேலை என்பதை அறிவாள்.

கலைச்சொற்களுக்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிடில் வடமொழியில் தேடுவது, அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைத்து எழுதுவது. 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டது இந்த மூன்றாம் வழியில்தான். இந்த வேலையில் அவருடைய மாணவர்களே உடனிருந்து உழைத்தார்கள்.

பிரசவ வைத்தியம் என்ற நூலின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைவு வரும். ஆண் வைத்தியர் முன் பெண்கள் வரத் தயங்கிய காலம் அது. எத்தனையோ வீடுகளின் உள்ளறைக்குள் கிறீனால் நுழைந்திருக்க முடியாது. பெண்களுக்கென்று இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரியும் அங்கே பெண் வைத்தியர்களும் வருவதற்கு நூற்றாண்டின் முடிவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, பேறுகாலத்துத் தாயைக் காக்கும் முறை தமிழில் அச்சாகியிருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மிஷன் பாடசாலைகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்களை வைப்பது அன்றைய வழக்கம். டன்போர்த், சாப்மன் போன்ற பெயர்கள் யாழ்ப்பாணத்தில் வந்தது அப்படித்தான். பெயர் மாறியபின் உடையும் பழக்கவழக்கங்களும் மாறத் தொடங்கின. கிறீனுக்கு இது பிடிக்கவில்லை. தமிழர் கிறிஸ்தவராகலாம், ஆனால் ஐரோப்பியராக வேண்டிய தேவையில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தம்முடைய மாணவர்கள் காற்சட்டைக்கு மாறாமல் ஊர் உடையிலேயே இருக்கவேண்டுமென விரும்பினார். அந்நாளில் ஒரு மிஷனரியிடமிருந்து இது எளிதில் வரும் எண்ணமல்ல.

1873இல் உடல்நிலை இடங்கொடாமல் குடும்பத்தோடு வூஸ்ரருக்குத் திரும்பினார். அவரிடம் கற்று வெளியேறிய வைத்தியர்கள் 60 பேருக்கு மேல். ஆனால் அவருக்குப்பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்தது. நானும் பாடசாலையில் தமிழில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு எலும்பின் பெயரையும் புதிதாகப் படித்தவள்தான். இன்றும் நோயாளிக்கு விளக்கம் சொல்லும்போது தமிழ்ச் சொல் தேடித் திணறும் இளம் வைத்தியர்களைக் காண்கிறேன். சைவ, கிறிஸ்தவ வேறுபாடில்லாமல் எங்கள் எல்லோருக்கும் இது இழப்பு.

ஊர் திரும்பியபின்னும் கிறீன் எழுதுவதை விடவில்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் திருத்தி அனுப்பினார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், 61 வயதில் காலமானார். தம் கல்லறையில் வேறு சிறப்பெதுவும் வேண்டாம், தமிழருக்கு வைத்தியத்தோடு நற்செய்தி சொன்னவர் என்ற பொருளில் எழுதினாற் போதுமென்று சொல்லிவைத்திருந்தார். வூஸ்ரரில் அவருடைய கல்லில் அப்படியே பொறித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அந்தப் பகுதியில் குடியிருக்கும் நம் பழைய மாணவியர் யாரேனும் ஒரு சனிக்கிழமை அங்கே போய்ப் பார்க்கலாம். ஊரில் இருப்பவர்களுக்கு மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி இருக்கிறது.